லபன் என்றால் எந்தப் பால்?

கேள்வி: ஆறு வருடமாக ஓமானில் ஒரு தாய்சேய் நல கிளினிக்கில் நர்சாக வேலை பார்க்கிறேன். தடுப்பூசி போடுவது, எடை பார்ப்பது, வளர்ச்சி அட்டை நிரப்புவது எல்லாம் என் மேஜையில்தான். இப்போது தொலைநிலையில் பொது சுகாதாரம் முதுகலை படிக்கிறேன். ‘அரபுக் குழந்தைகளின் உடல்நலமும் வளர்ச்சியும்’ என்பதற்குள் எதையாவது எடுத்து ஆய்வு செய்யச் சொல்லிவிட்டார் கைடு. சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களின் குழந்தைகளுக்கு வளர்ச்சி தாமதமாகிறதா என்று பார்க்கலாமா? ஆங்கிலக் கேள்வித்தாளை அரபியில் மொழிபெயர்த்துக்கொண்டால் போதுமா? எதைக் கேட்டாலும் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று முடித்துவிடும் தாய்மார்களிடம் விவரம் வாங்குவது எப்படி? ஓமானில் ஆட்டிசம் மிகக் குறைவு என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது உண்மையா?
— வாசகி, மஸ்கட்

பதில்: சிஸ்டர் (ஆஸ்பத்திரிப் பழக்கம், வேறு மாதிரிக் கூப்பிட வாய் வரவில்லை), உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்தே அவிழும்.

நீங்கள் படித்தது 2011-ல் வந்த கட்டுரையாக இருக்க வேண்டும். ஓமானில் பத்தாயிரம் குழந்தைகளுக்கு 1.4 பேருக்கு ஆட்டிசம் என்று அதில் இருந்தது. அந்தச் சமயத்தில் அமெரிக்கக் கணக்கு ஏறக்குறைய நூறில் ஒன்று. படித்தவுடன் என்ன தோன்றும்? கூட்டுக் குடும்பம், தாய்ப்பால், பேரீச்சம்பழம் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லலாம், சொன்னார்கள். 2019-ல் அதே ஓமானிலிருந்து இன்னொரு கணக்கு வந்தது: பத்தாயிரத்துக்கு 20. எட்டு வருடத்தில் பதினான்கு மடங்கு. இது தொற்றிப் பரவும் நோய் இல்லையே! கூடியது என்னவென்றால், பார்த்ததும் சந்தேகப்படத் தெரிந்த டாக்டர்கள், குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக ஒரு இடம், வெளியே சொல்லத் துணிந்த பெற்றோர். அதே 2019-ல் கத்தாரில் பள்ளிக்கூடங்களுக்கே போய்த் தேடினார்கள். அங்கே கிடைத்தது 1.14 சதவீதம், அதாவது அமெரிக்கக் கணக்குக்குப் பக்கத்தில். வாசலுக்கு வருகிறவர்களை எண்ணினால் ஒரு எண், தேடிப்போய் எண்ணினால் வேறு எண்.

ஆகவே அரபுக் குழந்தைகளைப் பற்றி எந்த எண் கண்ணில் பட்டாலும், அதை எண்ணியவர் எங்கே நின்று எண்ணினார், என்ன வார்த்தையில் கேட்டார் என்று முதலில் பாருங்கள். அப்புறம்தான் குழந்தையைப் பற்றிய பேச்சு. உங்கள் மற்ற மூன்று கேள்விகளுக்கும் நான் சொல்லப்போவது சுற்றிச் சுற்றி இதுதான்.

‘அரபுக் குழந்தை’ என்ற தலைப்பே எனக்கு உறுத்துகிறது. அரபு லீகில் 22 நாடுகள். ஓமானுக்கு அடுத்த வீடு ஏமன். அங்கே 2013-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஓமானோ, 1970-க்குப் பிறகு நாற்பது வருடத்தில் மனித வளர்ச்சியில் உலகத்திலேயே அதிகம் முன்னேறிய நாடு என்று ஐ.நா.வின் 2010 அறிக்கை முதலிடம் கொடுத்தது. இரண்டையும் ஒரே வார்த்தைக்குள் எப்படிப் போடுவது? உங்கள் கிளினிக் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். பலூச்சி பேசும் அம்மா, சான்சிபார் வழியாக வந்து வீட்டில் சுவாஹிலி பேசும் அம்மா, மஸ்கட் முத்ராவில் லவாத்தியா சமூகத்துக் குடும்பம், தோஃபார் மலைப்பக்கத்தில் ஜிப்பாலி பேசி வளர்ந்தவர். அத்தனை பேர் பதிவிலும் ‘ஓமானி’ என்றுதான் இருக்கும். ஆய்வுத் தலைப்பில் ‘அரபுக் குழந்தைகள்’ என்று போடாதீர்கள். ‘இந்த கிளினிக்குக்கு இந்த ஆறு மாதத்தில் வந்த குழந்தைகள்’ என்று போடுங்கள். கைடு முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அதுதான் நேர்மை.

சொல்லப்போனால், குழந்தை வளர்ச்சி ஆராய்ச்சியில் உங்கள் மஸ்கட்டுக்கு இருக்கும் இடம் பலருக்குத் தெரியாது. உங்கள் மேஜையில் எடையைப் புள்ளி வைக்கிறீர்களே, அந்த வளைகோடு உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டது. 1997 முதல் 2003 வரை ஆறு ஊர்களில் குழந்தைகளை அளந்தார்கள்: பிரேசிலில் பெலோட்டாஸ், கானாவில் அக்ரா, நம் தெற்கு டெல்லி, நார்வேயில் ஆஸ்லோ, அமெரிக்காவில் டேவிஸ், ஆறாவது மஸ்கட். பிறந்த நாளிலிருந்து இரண்டு வயது வரை ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் 21 முறை போய் அளந்த வேலை அது. கிடைத்த முடிவுதான் முக்கியம். தாய்ப்பால், சுத்தம், தடுப்பூசி, போதுமான வருமானம் இவையெல்லாம் அமைந்த குழந்தைகளின் உயர வித்தியாசத்தில், எந்த ஊர் என்பதால் வந்தது 3 சதவீதம் மட்டுமே. ஓமான் குழந்தையும் நார்வே குழந்தையும் ஒரே கோட்டில்தான் வளர்ந்தார்கள். இன்று தமிழ்நாட்டு அங்கன்வாடியில் எடை பார்க்கும் குழந்தைக்கும் அதே கோடுதான். அந்தக் கோட்டுக்குள் மஸ்கட் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அதோடு சேர்த்து, குழந்தை எப்போது உட்காருகிறது, நிற்கிறது, நடக்கிறது என்றும் பிரேசில் தவிர மற்ற ஐந்து ஊர்களில் பார்த்தார்கள். தனியாக நடப்பதற்கான இயல்பான காலம் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை என்று வந்தது. நூறில் நாலு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை, நேராக நின்று நடந்துவிட்டன. ‘தவழவில்லையே’ என்று அழுதுகொண்டு வரும் அம்மாக்களுக்குச் சொல்ல இது உதவும்.

சரி, சொந்தத்தில் கல்யாணம். ஓமானில் இது அதிகம்தான். 2000-ல் வெளியான ஒரு ஆய்வில், பாதிக்கு மேற்பட்ட கல்யாணங்கள் ஏதோ ஒரு வகையில் உறவுக்குள் அல்லது குலத்துக்குள் நடந்தவை. நாலில் ஒன்று நேரடி ஒன்றுவிட்ட உறவு. நமக்கு இது புதிதில்லை, ஆனால் முறை தலைகீழ். நமக்கு மாமன் மகளும் அத்தை மகனும் முறை. சித்தப்பா மகள் தங்கச்சி, அங்கே கல்யாணப் பேச்சே கிடையாது. அவர்களுக்கு ‘பிந்த் அம்ம்’, அதாவது அப்பாவின் சகோதரர் மகள்தான் முதல் உரிமைப் பெண். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது அவர்களுக்கு ஹராம். எங்கள் ஊரில் அது உண்டு என்று நான் ஒருமுறை கூட வேலை பார்த்த அரபு டாக்டரிடம் சொல்லிவிட்டேன். மனுஷன் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவருக்கு நாங்கள்தான் விசித்திரம்! மரபணுக் கணக்கில் பார்த்தாலும் மாமன்–மருமகள் கல்யாணம், ஒன்றுவிட்ட உறவைவிட இரு மடங்கு நெருக்கம்.

உங்கள் ஆய்வுக்கு இதை எடுக்க வேண்டாம் என்கிறேன். காரணம் கூச்சமோ மரியாதையோ இல்லை, கணக்கு. உறவில்லாத தம்பதிக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கலாம். ஒன்றுவிட்ட உறவில் இதோடு இன்னும் இரண்டு மூன்று கூடும். நீங்கள் தனியாளாக ஆறு மாதத்தில் எத்தனை குழந்தைகளைப் பார்ப்பீர்கள்? இருநூறு என்று வையுங்கள். நூறு சொந்தம், நூறு அந்நியம். ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் மூன்று என்று வந்தால் அது சொந்தத்தால் வந்ததா, தற்செயலா என்று எந்தப் புள்ளியியலாலும் சொல்ல முடியாது. அதற்குமேல் சொந்தத்தில் கட்டியவர்கள் சீக்கிரம் கட்டியிருப்பார்கள், குறைவாகப் படித்திருப்பார்கள், ஊர் தள்ளி இருப்பார்கள். தாமதம் எதனால் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? வேலூர் சி.எம்.சி.யில் ராவும் இன்பராஜும் 1970-களில் தமிழ்நாட்டில் பெரிய அளவில் இதைப் பார்த்தார்கள். அத்தனை குடும்பங்களைப் பார்த்தும், எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய வித்தியாசம் அவர்களுக்குத் தெரியவில்லை.

இதனால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. ஆபத்து குறிப்பிட்ட நோய்களில், குறிப்பிட்ட குடும்பங்களில் இருக்கிறது. ரியாத்தில் சஞ்சத், சகாத்தி என்ற இரு டாக்டர்கள் பெயரால் வழங்கும் நோய் ஒன்று உண்டு. பிறந்த சில நாளிலேயே கால்சியம் குறைந்து வலிப்பு வரும், குழந்தை வளரவே வளராது. அரபுக் குடும்பங்களில் ஒரே மரபணுவில் ஒரே இடத்தில் விட்டுப்போன துண்டுதான் காரணம் என்று 2002-ல் கண்டுபிடித்தார்கள். இப்படித் துல்லியமாகத் தெரிந்தால் குடும்பத்துக்கு உதவ முடியும். சவூதியில் 2004 முதல் கல்யாணத்துக்கு முன்னால் சிக்கிள் செல், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்களுக்குப் பரிசோதனை கட்டாயம். முடிவு எதுவானாலும் கட்டிக்கொள்ளத் தடையில்லை. முதல் வருடத்தில் ஆபத்துள்ள ஜோடிகளில் பத்தில் ஒன்றுகூடப் பின்வாங்கவில்லை. 2009-ல் பாதிக்கு மேல் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். ‘சொந்தத்தில் கட்டாதே’ என்று யாரும் மேடை போட்டுப் பேசவில்லை, எந்த நோய், எவ்வளவு வாய்ப்பு என்று உட்கார வைத்துச் சொன்னார்கள்.

‘ரத்தம் ஒன்று, அதனால்தான்’ என்பது எளிதாக வாயில் வரும் பதில். அது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு எனக்குப் பிடித்த கதை எகிப்தில் நடந்தது. பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற டாக்டர் 1958-ல் ஈரானின் ஷிராஸில், இருபது வயதாகியும் பத்து வயதுப் பையன் மாதிரி இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு 1960-களின் தொடக்கத்தில் கெய்ரோவுக்குப் போனார். நைல் டெல்டா கிராமங்களிலும் அதே மாதிரிப் பையன்கள், மீசை முளைக்கவில்லை, உயரம் இல்லை. பரம்பரை என்று யாரும் சொல்லிவிடலாம். ரத்தத்தில் துத்தநாகம் பார்த்தார், மிகக் குறைவு. அவர்கள் சாப்பாடு முக்கால்வாசி ரொட்டி. தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைக் கட்டிப்போட்டு உடலில் சேரவிடாது. கொக்கிப்புழுவும் நத்தைப்புழுவும் வேறு. துத்தநாகம் கொடுத்ததும் ஒரே வருடத்தில் 12 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தார்கள், பருவமும் வந்தது. இன்று வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்.சோடு நாம் கொடுக்கும் துத்தநாக மாத்திரைக்குப் பின்னால் இந்தப் பையன்கள் இருக்கிறார்கள்.

இப்போது கேள்வித்தாள். இதில்தான் நான் சூடு பட்டவன்.

வளைகுடாவில் நான் இருந்த காலத்தில் ஒரு கிளினிக்கில் குழந்தை உணவு பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்தினோம். படிவம் கெய்ரோவில் தயாரானது, நல்ல அரபி, அச்சும் அழகு. ‘ஆறு மாதத்துக்கு முன்னால் குழந்தைக்கு லபன் கொடுத்தீர்களா?’ என்று ஒரு கேள்வி. வந்த அம்மாக்கள் எல்லாரும் ‘லா, லா’ (இல்லை, இல்லை) என்று தலையாட்டினார்கள். தாய்ப்பால் மட்டும் கொடுப்பதில் இந்த ஊரை அடிக்க ஆளில்லை என்று நாங்கள் சந்தோஷமாக டிக் அடித்துக்கொண்டே போனோம். அறுபது படிவம் முடிந்த பிறகு ஒரு பாட்டி சிரித்துவிட்டாள். ‘பச்சைக் குழந்தைக்கு யாராவது மோர் கொடுப்பார்களா, டாக்டர்?’ எகிப்தில் லபன் என்றால் பால். வளைகுடாவில் லபன் என்றால் மோர் மாதிரிப் புளித்தது. பாலுக்கு அங்கே ஹலீப். ஹலீப் கொடுத்தீர்களா என்று கேட்டிருந்தால் டின் பால் கதையெல்லாம் வெளியே வந்திருக்கும். அறுபது படிவமும் குப்பைக்குப் போனது.

இந்தச் சிக்கல் நமக்குப் புரியும், ஏனென்றால் நாமும் அதே ஜாதி. 1959-ல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர், எழுத்துக்கு ஒரு மொழி, பேச்சுக்கு ஒரு மொழி என்று வாழும் சமூகங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய முக்கிய உதாரணங்களில் ஒன்று அரபி. தமிழும் இந்த வகைதான் என்று அதிலேயே குறிப்பிட்டார். ‘தங்கள் குழந்தை சுட்டுவிரலால் பொருள்களைச் சுட்டுகிறதா’ என்று அச்சடித்துக் கொடுத்தால் நம் ஊர் அம்மா ஒரு நிமிஷம் முழிப்பாள். ‘அது வேணும்னு கை நீட்டிக் காட்டுறானா?’ என்றால் உடனே பதில் வரும். அரபியில் இந்த இடைவெளி இன்னும் அகலம். இஸ்ரேலில் உள்ள அரபுக் குழந்தைகளின் ஐந்து வயதுப் பேச்சை எலினார் சாயிக்-ஹத்தாத் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளியும் அலசிப் பார்த்ததில், பேசும் வார்த்தையும் ஃபுஸ்ஹா எனப்படும் எழுத்து அரபி வார்த்தையும் அப்படியே ஒன்றாக இருந்தது ஐந்தில் ஒன்றுதான். மீதியில் பாதி உருமாறியது, பாதி முற்றிலும் வேறு. பள்ளிக்கூடம் போன பிறகு எழுத்துக் கூட்டும் அரபுப் பிள்ளை, வீட்டில் கேட்டே இராத சொல்லைக் கூட்டுகிறது. செருப்புக்குப் புத்தகத்தில் ஹிதா, கெய்ரோவில் கஸ்மா, பாக்தாத்தில் குந்தரா, உங்கள் பக்கம் நஆல். ‘உங்கள் குழந்தை ஹிதா என்று சொல்கிறதா’ என்று கேட்டு, ‘இல்லை’ என்று எழுதி, பேச்சுத் தாமதம் என்று முத்திரை குத்தினால் தப்பு யாருடையது?

ஆகவே நீங்களாக மொழிபெயர்க்க வேண்டாம். ஆட்டிசம் சந்தேகத்துக்கான எம்-சாட் கேள்விகள் அரபியில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்பது அரபு நாடுகளில் ஒரே சமயத்தில் பயன்படுத்திப் பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். எதை எடுத்தாலும் ஒரு வேலை மட்டும் தவறாமல் செய்யுங்கள். கூட வேலை பார்க்கும் ஓமானி நர்ஸ் யாரையாவது பிடித்துக்கொண்டு, பத்து அம்மாக்களிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துக் காட்டி, ‘இதில் என்ன கேட்கிறோம் என்று உங்கள் பேச்சில் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். பதில் வேண்டாம், கேள்வியைத் திருப்பிச் சொன்னால் போதும். எந்தக் கேள்வி தேறும், எது தேறாது என்று அரை நாளில் தெரிந்துவிடும். பலூச்சி வீட்டு அம்மாக்கள் இரண்டு பேராவது அந்தப் பத்தில் இருக்கட்டும்.

‘அல்ஹம்துலில்லாஹ்’ (எல்லாப் புகழும் இறைவனுக்கே) விஷயம். அது பதில் இல்லை சிஸ்டர், வணக்கம் மாதிரி. நம் ஊரில் ‘எப்படி இருக்கீங்க’ என்றால் ‘ஏதோ ஓடுது’ என்கிறோமே, அதை வைத்து யாராவது உடல்நலக் கணக்கு எடுப்பார்களா? ‘குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறதா’ என்று கேட்டால் நன்றிதான் வரும். அதில் குறை சொல்வது இறைவன் கொடுத்ததைக் குறை சொல்வது. ‘நேற்று ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்ததிலிருந்து இப்போது வரை இவன் வாயில் என்னவெல்லாம் போனது?’ என்று கேளுங்கள். தொழுகை நேரங்களை வைத்தே நாளைப் பிரித்துக் கேட்டால் ஞாபகம் சரசரவென்று வரும். ‘உம்மு சலீம்’ (சலீமின் அம்மா) என்று மூத்த பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எடையைச் சொல்லும் முன் ‘மாஷா அல்லாஹ்’ சொல்லுங்கள். நம் பாட்டிமார் கன்னத்தில் பொட்டு வைக்கும் அதே பயம்தான், கண் பட்டுவிடும். சொல்லாமல் ‘ஒன்பது கிலோ, குண்டுப் பையன்’ என்றால் அம்மா வாயை மூடிக்கொள்வாள். ஆறு வருடத்தில் இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அதனால்தான் நீங்கள் இந்த ஆய்வைச் செய்ய வேண்டும் என்கிறேன். வெளியூரிலிருந்து லேப்டாப்போடு வருகிறவரிடம் அந்தப் பாட்டி சிரித்திருக்க மாட்டாள்.

அப்படியானால் எதை எடுப்பது? ‘முதல் ஆறு மாதத்தில் இந்தக் குழந்தையின் வாயில் போனது என்ன?’ என்று எடுங்கள். சாதாரணமாகத் தெரியும், உள்ளே நிறைய இருக்கிறது.

முதல் நாளிலிருந்தே ஆரம்பிக்கிறது. தஹ்னீக் பார்த்திருப்பீர்கள். பெரியவர் ஒருவர் பேரீச்சம்பழத்தை மென்று மிருதுவாக்கி, பிறந்த குழந்தையின் மேலண்ணத்தில் தடவுவார். நம் ஊரில் சேனை வைப்பது போலவே, வைப்பவர் குணம் குழந்தைக்கு வரும் என்ற நம்பிக்கை உட்பட. இப்போது அந்த அம்மாவிடம் ‘தாய்ப்பால் மட்டும்தானா’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்பாள், அவள் கணக்கில் தஹ்னீக் உணவு இல்லை. ‘பிறந்ததிலிருந்து’ என்று கேட்டால் ஒரு விகிதம் வரும், ‘கடந்த 24 மணி நேரத்தில்’ என்று கேட்டால் வேறு விகிதம் வரும். இரண்டையும் கேட்டு, இரண்டையும் எழுதுங்கள். அந்த இடைவெளியே ஒரு அத்தியாயம்.

அடுத்தது வைட்டமின் டி. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் டி குறைபாடா என்று நம் ஆட்கள் சிரிப்பார்கள். வெயில் அதிகம் என்பதால்தானே எல்லாரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள்! டி உண்டாக்கும் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது. வெளியே வந்தாலும் உடை மறைக்கும். அம்மாவுக்கே இல்லாதபோது பாலில் எங்கிருந்து வரும்? சாதாரணமாகவே தாய்ப்பால் ஒரு லிட்டரில் 50 யூனிட்கூடத் தேறாது, குழந்தைக்கு வேண்டியது தினம் 400. அமீரகத்தின் அல் ஐனில் அடெகுன்லே தாவூது என்ற நைஜீரிய டாக்டரும் கூட்டாளிகளும், நல்ல கோடைக்காலத்திலேயே தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளிடமும் அம்மாக்களிடமும் டி அடிமட்டத்தில் இருப்பதை 2003-ல் காட்டினார்கள். குழந்தைக்குச் சொட்டு கொடுப்பதற்குப் பதிலாக அம்மாவுக்கே தினம் 6,000 யூனிட் கொடுத்தால் பால் வழியாகப் போதுமான அளவு போகுமா என்று கத்தாரில் சோதித்து 2019-ல் எழுதினார்கள். அந்த வழி எவ்வளவு தூரம் போகிறது என்பதை விடுங்கள், இன்று உங்கள் கிளினிக் எழுதிக் கொடுப்பது சொட்டு. அது குழந்தை வாயில் போகிறதா? ஒரு பாட்டிலில் ஒரே சொட்டில் 400 யூனிட், இன்னொன்றில் ஒரு மில்லி முழுக்கச் சேர்ந்தால்தான் 400. டிராப்பரை மாற்றிப் போட்டால் ஒன்று பத்தாது, அல்லது பல மடங்கு கூடிவிடும். ‘சொட்டு கொடுக்கிறீர்களா’ என்று கேட்காதீர்கள். பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, ‘எப்படிக் கொடுப்பீர்கள், காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். மூடி திறக்காத பாட்டில் எத்தனை வரும் என்று பாருங்கள்.

மூன்றாவது, யாரும் தானாகச் சொல்லாதது. ‘பிந்த் அல் தஹப்’, தங்கத்தின் மகள் என்று பெயர். மஞ்சள் ஆரஞ்சுப் பொடி, தேனிலோ வெண்ணெயிலோ குழைத்து, வயிறு சுத்தமாக வேண்டும் என்று பிறந்த குழந்தைக்குக் கொடுப்பது. ஓமானிலும் அமீரகத்திலும் இருந்த பழக்கம். 1990-களில் பரிசோதித்தபோது அது ஈய ஆக்சைடு. கண்ணுக்குப் போடும் குஹ்ல் மையும் அப்படித்தான். 1998-ல் ஓமான் கடைகளில் வாங்கிய மைகளைச் சோதித்ததில் பல, ஈயத் தாதுவை அரைத்தவை. விளக்கெண்ணெய்ப் புகைக்கரியில் நம் பாட்டிகள் செய்த கண்மை வேறு, இது வேறு. குழந்தை கண்ணைக் கசக்கி விரலை வாயில் வைத்தால் ஈயம் உள்ளே போகும், அது மூளை வளர்ச்சியில் கை வைக்கும். ‘நாட்டு மருந்து கொடுப்பதுண்டா’ என்று கேட்டால் ‘இல்லை’தான், ஆஸ்பத்திரியில் அப்படித்தானே சொல்ல வேண்டும். உங்கள் அம்மா வீட்டில் உரைமருந்து உரைத்ததைப் பற்றி நீங்கள் முதலில் சொல்லுங்கள். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் என்று கல்லில் உரைத்தது. சிரித்துக்கொண்டே ‘எங்கள் வீட்டிலும்...’ என்று ஆரம்பிப்பாள்.

இன்னும் ஒன்று. நீங்கள் ஊசி போடும் கை. அந்தக் கையாலேயே ஒப்புதல் படிவத்தை நீட்டினால், கையெழுத்துப் போடாவிட்டால் ஊசி போடமாட்டார்களோ என்று அம்மா நினைப்பாள். ஊசி முடிந்து, அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகு, வேறு ஒருவரை வைத்துக் கேளுங்கள். ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழுவின் எழுத்து அனுமதி வருவதற்கு முன் ஒரு படிவம்கூட நிரப்ப வேண்டாம். கைடு சொன்னார் என்பது அங்கே செல்லாது, வேலைக்கு வந்த ஊர், ஜாக்கிரதை.

பிந்த் அல் தஹப் பொட்டலத்தை ஒரு அம்மா பையிலிருந்து எடுத்துக் காட்டினால், படிவத்தை மூடி வைத்துவிடுங்கள். திட்டாதீர்கள், பாட்டி எதிரில் முகத்தையும் சுளிக்காதீர்கள். பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டு, குழந்தையின் ரத்த ஈய அளவுக்கு அன்றைக்கே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து. மீதிக் கேள்விகளை அடுத்த ஊசிக்கு வரும்போது கேட்டுக்கொள்ளலாம்.